பேசாத கண்ணாடிச் சுவர்: ‘கொலம்பஸ்’ திரைப்படத்தில் அழகும் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

கோகோநாடா இயக்கிய ‘கொலம்பஸ்’ (2017) என்னும் அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படம், பெற்றோரின் நோயால் ஒரு சிற்றூரில் கட்டுண்ட இளையோர் இருவரின் சில நாள்களைக் காட்டுகிறது. நிகழ்ச்சிகள் குறைந்த இப்படத்தின் அமைதி வெறும் அழகியல் அலங்காரமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அவ்வமைதி ஒரு வினாவை எழுப்பும் முறை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஒரு கலைப்படைப்பைப் பற்றி அறிந்திருத்தலும் அப்படைப்பினால் நெகிழ்தலும் ஒன்றா என்பதே அவ்வினா. நகரக் கட்டடங்கள், சட்டக அமைப்பு, ஒலி நீக்கப்பட்ட ஒரு காட்சி ஆகியவற்றின் வழியே இவ்வினா எவ்வாறு உருப்பெறுகிறது என்பது இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீனத் திரைப்படம், கோகோநாடா, நவீனக் கட்டடக்கலை, ஓசு, மெய்ப்பாடு, மௌனம்.

முன்னுரை

வாழ்வின் பொருளைத் தேடும் இளையோரைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் பயணத்தைக் கதைக்கருவாகக் கொள்வன. நாயகன் ஊரை விட்டு நீங்குகிறான். வழியில் மனிதர்களைச் சந்திக்கிறான். இறுதியில் தன்னை அறிகிறான். ‘கொலம்பஸ்’ இவ்வழக்கிலிருந்து விலகி நிற்கிறது. இதன் இரு முதன்மைப் பாத்திரங்களும் நகர இயலாதவர்கள். ஒருத்தி தாயின் பொருட்டு ஊரிலேயே தங்கிவிட்டவள். மற்றவன் தந்தையின் பொருட்டு அவ்வூருக்கு வந்து சிக்கிக்கொண்டவன். நகர இயலாதார்க்குத் தேடல் எவ்வாறு வாய்க்கும்? அவர்களுக்கு எஞ்சியிருப்பது பார்வை ஒன்றே. ஆகவே இப்படம் பார்த்தல் என்னும் செயலையே கதையாக்குகிறது.

1. படமும் அதன் நகரும்

கோகோநாடா சியோல் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். திரைக்கலை குறித்த காணொளிக் கட்டுரைகளால் முதலில் அறியப்பட்டவர். அவரது பெயரே ஒரு புனைபெயர். சப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவுடன் பல படங்களுக்குத் திரைக்கதை எழுதிய கோகோ நோடாவின் பெயரிலிருந்து உருவாக்கிக்கொண்டது. ‘கொலம்பஸ்’ அவருடைய முதல் முழுநீளப் படம். எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் அவரே ஏற்றார். எலிஷா கிறிஸ்டியன் ஒளிப்பதிவு செய்தார். ஹாமக் என்னும் இசைக்குழு இசையமைத்தது. 2017 சனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

கதைக்களம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரம். ஏறத்தாழ 50,000 மக்களே வாழும் இச்சிற்றூர், நவீனக் கட்டடக்கலை பயில்வோர் தேடிச் செல்லும் இடம். ஈலியல் சாரினென் வடிவமைத்த முதல் கிறித்தவத் தேவாலயம் (1942), அவர் மகன் ஈரோ சாரினென் வடிவமைத்த இர்வின் யூனியன் வங்கி (1954), மில்லர் இல்லம் (1957), வடக்குக் கிறித்தவத் தேவாலயம் (1964), ஐ. எம். பெய் வடிவமைத்த நூலகம் (1969) ஆகியன அங்குள்ளன. நூலகத்தின் முன்றிலில் ஹென்றி மூரின் பெரிய வளைவுச் சிற்பம் நிற்கிறது.

இவ்வளவு கட்டடங்கள் ஒரு சிற்றூரில் எழுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கம்மின்ஸ் என்னும் டீசல் எஞ்சின் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜே. இர்வின் மில்லர் நவீனக் கட்டடக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தேர்ந்த கட்டடக் கலைஞரை ஊரார் அமர்த்திக்கொண்டால், அவருக்குரிய வடிவமைப்புக் கட்டணத்தை நிறுவனத்தின் அறக்கட்டளை ஏற்கும் என்னும் ஏற்பாடு 1950களில் உருவாயிற்று. பள்ளிகளில் தொடங்கிய இவ்வேற்பாடு பிற பொதுக் கட்டடங்களுக்கும் விரிந்தது. இதனால் பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் வங்கிக்குச் செல்லும் தொழிலாளியும் நாள்தோறும் உயர்ந்த கலைப்படைப்புகளுக்குள் நடமாடும் நிலை ஏற்பட்டது. அவர்கள் அவற்றைக் காண்கிறார்களா என்பது வேறு வினா. படம் அவ்வினாவைக் கையில் எடுத்துக்கொள்கிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மாந்தரின் ஒழுக்கத்தை அவற்றோடு இயைத்துக் காணும் மரபு தமிழ்ப் பொருளிலக்கணத்துக்கு உரியது. அம்மரபில் நிலத்துக்கும் உணர்வுக்கும் உள்ள உறவு புலவரும் கேட்போரும் முன்னரே அறிந்த வழக்கு. கொலம்பஸ் நகரின் கண்ணாடிக்கும் செங்கல்லுக்கும் அத்தகைய வழக்கு எதுவும் இல்லை. ஒரு கட்டடம் எவ்வுணர்வுக்கு உரியது என்பதைப் பார்ப்பவரே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டடைய வேண்டியுள்ளது. படத்தின் இளையோர் படும் பாடு இதுவே.

2. கதைப்பின்னல்: தங்குதலும் பிரிதலும்

கொரியக் கட்டடக்கலை அறிஞர் ஒருவர் சொற்பொழிவு நிகழ்த்த கொலம்பஸ் வருகிறார். வந்த இடத்தில் மயங்கி விழுந்து நினைவிழக்கிறார். சியோலில் மொழிபெயர்ப்பாளனாக வாழும் அவர் மகன் ஜின் (ஜான் சோ) அழைக்கப்படுகிறான். தந்தையோடு அவனுக்கு நெருக்கமில்லை. தந்தை தம் வாழ்நாளைக் கட்டடங்களுக்கு அளித்தவர். மகனுக்கு அளிக்க அவரிடம் மிச்சம் இருந்ததில்லை. ஆகவே ஜின்னுக்குக் கட்டடக்கலை மீது ஈடுபாடும் இல்லை.

கேசி (ஹேலி லூ ரிச்சர்ட்சன்) பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டு ஆனவள்; நூலகத்தில் பணிபுரிகிறாள். அவள் தாய் (மிஷெல் ஃபோர்ப்ஸ்) மெத் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகி மீண்டுகொண்டிருப்பவள். தாய் மீண்டும் வழுவிவிடுவாளோ என்னும் அச்சத்தால் கேசி மேற்படிப்பைத் துறந்து ஊரில் தங்கியிருக்கிறாள். இவ்வூரில் பெருகியவை நவீனக் கட்டடக்கலையும் மெத்தும் என்று அவள் ஓரிடத்தில் கசந்த நகையோடு குறிப்பிடுவாள். அஞ்சல் அட்டையில் இடம்பெறும் நகரமும் இடம்பெறாத நகரமும் அவ்வொரு கூற்றில் இணைந்துவிடுகின்றன.

இருவரும் முதலில் பேசிக்கொள்வது ஒரு வேலியின் இருபுறமும் நின்று. ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொண்டு, வேலியை ஒட்டியே இணையாக நடக்கிறார்கள். வேலி முடியும் இடத்தில்தான் எதிரெதிரே நிற்கிறார்கள். வேறு படமாயின் இங்கே காதல் அரும்பியிருக்கும். இங்கு அரும்புவது உரையாடல்.

கதையின் முடிவு ஓர் இடமாற்றம். தங்கியே தீர வேண்டும் என்றிருந்த கேசி கட்டடக்கலை பயிலும் வாய்ப்பை நாடி ஊரை நீங்குகிறாள். எப்போது கிளம்பலாம் என்றிருந்த ஜின் தந்தையின் அருகே தங்குகிறான். குடும்பத்தார் அருகிருந்து துயருறாவிடின் இறப்பவரின் ஆவி அலையும் என்னும் கொரிய நம்பிக்கையை ஏளனமாகக் கூறியவன் அவன். இறுதியில் அந்நம்பிக்கை விதிக்கும் கடமையையே அவன் நிறைவேற்றுகிறான். அவன் நம்பத் தொடங்கினானா என்பதைப் படம் சொல்வதில்லை.

ஓசுவின் ‘பின் வசந்தம்’ (1949) படத்தோடு இதனை ஒப்பிடலாம். அங்கு, மனைவியை இழந்த தந்தையை விட்டுப் பிரிய மனமில்லாத மகளைத் தந்தையே ஒரு பொய் கூறி மணவாழ்வுக்கு அனுப்புகிறார். மகள் சென்றபின் தனித்து அமரும் தந்தையோடு படம் நிறைகிறது. அப்படத்தின் திரைக்கதையில் பங்கேற்றவர் கோகோ நோடா. அவர் பெயரைத் தழுவிக்கொண்ட இயக்குநர் அதே சிக்கலை எடுத்துக்கொண்டு ஒரு மாற்றம் செய்கிறார்: மகளைப் பிரிந்து செல்லத் தூண்டுபவன் இங்கே அயலான். தன் கடமையை ஏற்க மறுப்பவன் பிறளொருத்தியின் கடமையைத் தளர்த்த முனைகிறான். இம்முரண்பாட்டை கேசியும் அறிவாள். அதனால் அவள் சினமும் கொள்கிறாள்.

3. சட்டகமும் இடைவெளியும்

கேமரா பெரும்பாலும் அசைவதில்லை. பாத்திரங்கள் சட்டகத்துள் நுழைவதற்கு முன்னும், நீங்கிய பின்னும் இடம் மட்டும் சில கணங்கள் எஞ்சி நிற்கிறது. ஓசுவின் படங்களில் நிகழ்ச்சிகளுக்கு இடையே வரும் ஆளில்லாக் காட்சித்துண்டுகளைத் திரை ஆய்வாளர் நோயல் பர்ச் ‘தலையணைக் காட்சிகள்’ எனக் குறித்தார். கோகோநாடாவிடம் இவை இன்னொரு பணியும் ஆற்றுகின்றன. ஓசு காட்டும் தேநீர்க் கலமும் துணிக்கொடியும் அன்றாடப் பொருள்கள். கோகோநாடா காட்டுவன புகழ்பெற்ற கட்டடங்கள். எனினும் அவற்றை அவர் அன்றாடப் பொருள்களைப் போலவே காட்டுகிறார். வியக்கத் தூண்டும் இசை இல்லை. வானிலிருந்து நோக்கும் கோணமும் இல்லை.

நெருக்கமான பேச்சுகள் பலவும் தொலைவிலிருந்தோ, வாயில் நிலைகளின் ஊடாகவோ, ஆடியின் வழியாகவோ காட்டப்படுகின்றன. விடுதி அறையில் ஜின்னும் தந்தையின் மாணவியாக இருந்த எலனரும் (பார்க்கர் போசி) பேசும் காட்சியில், அவர்களது பிம்பங்களை ஆடிகளில் காண்கிறோம். முகத்தை அண்மைக்காட்சியில் காட்டி உணர்வை ஊட்டும் பொதுவழக்கு இங்கே தவிர்க்கப்படுகிறது. பார்ப்பவர் தாமே அருகில் செல்ல வேண்டும்.

முதல் கிறித்தவத் தேவாலயத்தின் முன் கேசி தனியே நிற்கும் காட்சி குறிப்பிடத்தக்கது. சிலுவை நடுவில் இல்லை. வாயில் நடுவில் இல்லை. ஆயினும் முழுமை சமநிலையோடு நிற்கிறது என்று அவள் மனப்பாடமாகச் சொல்லிப் பார்க்கிறாள். கேட்போர் எவரும் இல்லை. அவள் கூறும் இவ்விதியே படத்தின் சட்டக அமைப்புக்கும் விதியாவதைத் தொடர்ந்து காணலாம். பாத்திரங்கள் ஓரத்தில் நிற்க, எதிர்ப்புறம் சுவரோ மரமோ எடையை ஈடுசெய்கிறது. கேசி, ஜின் உறவும் அத்தகையதே: அகவை, மொழி, வாழ்நிலை ஆகியவற்றால் ஒவ்வாத இருவர் ஒரு சமநிலையை எட்டுகிறார்கள்.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. இந்நகரின் முதன்மையான நவீனக் கட்டடங்கள் ஒரு தந்தையும் ஒரு மகனும் எழுப்பியவை. ஈரோ சாரினென் தந்தையின் தொழிலை ஏற்றுத் தம் வழியில் சென்றவர். தந்தையின் தொழிலை வெறுத்து விலகிய ஜின் அக்கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறான். படம் இதனைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. ஊர் அவ்வாறு அமைந்திருக்கிறது, அவன் அங்கே நடக்கிறான், அவ்வளவே.

4. ஒலியற்ற விடை

படத்தின் மையக் காட்சி ஈரோ சாரினெனின் வங்கிக் கட்டடத்தின் முன் நிகழ்கிறது. தடித்த சுவர்களும் தூண்களும் கொண்ட பழைய வங்கிகளுக்கு மாறாக, வெளியிலிருந்தே உட்புறம் முழுதும் தெரியும்படி கண்ணாடிச் சுவர்களால் ஆன வங்கி அது. கேசி அதன் வரலாற்றை ஒரு சுற்றுலா வழிகாட்டியின் தொனியில் ஒப்பிக்கத் தொடங்குகிறாள். ஜின் இடைமறிக்கிறான். இத்தகவல்களுக்காகத்தான் இக்கட்டடம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று வினவுகிறான். அது தன்னை நெகிழச் செய்கிறது என்று அவள் கூறியதும், எது நெகிழச் செய்கிறது என்று தொடர்கிறான்.

அவள் சிந்திக்கிறாள், விடைகூறத் தொடங்குகிறாள். அக்கணத்தில் கேமரா கண்ணாடிக்கு உட்புறம் சென்றுவிடுகிறது. அவள் குரல் நின்றுபோக, இசை மட்டும் ஒலிக்கிறது. அவள் முகம் மலர்வதையும், கைகள் எதையோ வரைவதையும், உதடுகள் அசைவதையும் காண்கிறோம். சொற்கள் நமக்கு மறுக்கப்படுகின்றன.

உள்ளத்து உணர்வு உடம்பின் வழியே புலப்படுவதை மெய்ப்பாடு எனத் தொல்காப்பியம் தனி இயலாகவே வகுத்துள்ளது. இக்காட்சியில் எஞ்சுவது மெய்ப்பாடு ஒன்றே. தகவல் கூறியபோது அசைவற்றிருந்த உடல், காரணம் கூறும்போது உயிர்பெறுகிறது. இவ்வேறுபாட்டை அவளுடைய சொற்கள் விளக்கியிருக்க இயலாது. அவள் கூறியதைக் கேட்டிருந்தால் அதுவும் ஒரு தகவலாகி, நாம் அதனை மேற்கோளாக்கியிருப்போம். ஒலியை நீக்கியதன் வாயிலாக இயக்குநர் அவ்விடையை மேற்கோளாகாமல் காத்துவிடுகிறார்.

கண்ணாடியின் பணியும் இங்கு நுட்பமானது. எதனையும் மறைக்காத பொருள் என்று புகழப்படும் கண்ணாடி, ஒளியை விட்டு ஒலியைத் தடுக்கிறது. எல்லாம் தெரிகிறது, எதுவும் கேட்கவில்லை. பிறர் ஒருவரின் அழகனுபவத்துக்கு நாம் எவ்வளவு அருகில் செல்ல முடியும் என்பதன் எல்லையை இக்கட்டடமே வரைந்துகாட்டுகிறது.

5. கவனமா, ஈடுபாடா

நூலகத்தில் கேசியுடன் பணிபுரியும் கேப்ரியல் (ரோரி கல்கின்) தான் படித்த ஒரு கருத்தை அவளிடம் விவரிக்கிறான். இக்காலத்து இளையோருக்குக் கவனம் குறைந்துவிட்டது என்பர். ஆனால் நூலை ஒரு நிமிடமும் படிக்க இயலாத சிறுவன் காணொளி விளையாட்டில் பல மணிநேரம் ஒன்றியிருப்பான்; நெடுநேரம் நூலில் ஆழ்பவருக்கு அவ்விளையாட்டு ஒரு நிமிடமும் பொறுக்காது. ஆகவே குறைவது கவனம்தானா, அல்லது அன்றாட வாழ்வின் மீதான ஈடுபாடா என்பதே அவன் எழுப்பும் ஐயம்.

இப்பகுதி படத்தின் தற்காப்புரை போலவும் அமைகிறது. மெதுவாக நகரும் படங்களைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்பது வழக்கமான பேச்சு. பொறுமை என்பது விருப்பமின்றித் தாங்கிக்கொள்ளுதல்; ஈடுபாடு இருக்குமிடத்தில் அதற்குத் தேவை எழுவதில்லை. ஒவ்வொரு சட்டகத்தையும் நீட்டித்து வைப்பதன் மூலம், ஈடுபாடு தோன்றுவதற்குரிய நேரத்தைப் படம் பார்ப்பவருக்கு அளிக்கிறது. அந்நேரத்தை எவ்வாறு பயன்கொள்வது என்பது பார்ப்பவரின் பொறுப்பு.

6. அழகு மருந்தாகுமா?

இவ்வூரில் ஜேம்ஸ் பொல்ஷெக் வடிவமைத்த மனநல மருத்துவக் கட்டடம் ஒன்று உண்டு. ஓர் ஓடையின் குறுக்கே பாலம்போல் அமைந்தது. கட்டடக்கலை குணப்படுத்தும் ஆற்றல் உடையது என்னும் பொல்ஷெக்கின் கருத்து அங்கே பேசப்படுகிறது. ஜின் அதனை எளிதில் ஏற்பதில்லை. தந்தையை நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் விட்டு வந்தவனின் ஐயம் அது.

கேசியின் அனுபவம் வேறு. தாய் போதையில் மூழ்கி வீடு திரும்பாத நாள்களில், டெபோரா பெர்க் வடிவமைத்த ஒரு வங்கிக் கிளையின் எதிரே இரவில் வந்து அமர்ந்திருந்ததை அவள் நினைவுகூர்கிறாள். 2006-இல் எழுந்த அக்கட்டடம், சாலையோர வணிகத் தொகுதிகளின் நடுவே ஒளிரும் கண்ணாடிப் பெட்டியாக நிற்கிறது. அவ்வொளி தாயைத் திருத்தவில்லை. வீட்டின் நிலையையும் மாற்றவில்லை. வேறொரு ஒழுங்கும் உலகில் உண்டு என்பதை மட்டும் அது அவளுக்குக் காட்டியது. அழகு இங்கு மருந்து என்னும் நிலையை எட்டுவதில்லை. துணை என்னும் நிலையில் நிற்கிறது. படம் அழகுக்கு அளிக்கும் மதிப்பும் அதற்கு வகுக்கும் எல்லையும் இதுவே எனலாம்.

7. ஒரு மறுப்பும் விடையும்

இத்தகைய படங்கள் உழைக்கும் மக்களின் இடரை அழகிய சட்டகங்களுள் அடக்கி மென்மையாக்கிவிடுகின்றன என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஊரின் அழகு ஒரு பெருநிறுவனத்தின் செல்வத்தால் எழுந்தது. கேசியின் தாயோ பிறர் வீடு திரும்பியபின் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள். கண்ணாடிச் சுவர் தெளிவாக இருப்பதற்கு அதனைத் துடைக்கும் கைகள் வேண்டும்.

எனினும் படம் இதனை மறைக்கவில்லை. பகலில் கேசி எத்தகைய கட்டடங்களை வியந்து நோக்குகிறாளோ, அத்தகைய இடங்களில் இரவில் உழைப்பவள் அவள் தாய். கட்டடத்தின் முன் நிற்பவளும் உள்ளே உழைப்பவளும் ஒரே வீட்டில் உணவுண்கிறார்கள். கலையை நுகரும் உரிமை ஓய்வுடையார்க்கு மட்டும் உரியதா என்னும் வினா இவ்வமைப்பிலேயே உள்ளது. கல்லூரிக்குச் செல்லாத, கூலித் தொழிலாளியின் மகள் ஒருத்தியே அவ்வூரின் கட்டடங்களை உண்மையாகக் காண்பவளாகப் படைக்கப்பட்டிருப்பது இவ்வினாவுக்கான இயக்குநரின் விடை. அவள் ஊரை நீங்கும்போது அழுவதும் அதனாலேயே பொருளுடையதாகிறது. அவள் தாயை மட்டும் பிரியவில்லை. தான் பார்க்கக் கற்ற இடத்தையும் பிரிகிறாள்.

முடிவுரை

‘கொலம்பஸ்’ தன் இளையோருக்கு வாழ்வின் பொருள் இன்னது என்று எடுத்துரைப்பதில்லை. தங்குதல் சரியா, பிரிதல் சரியா என்பதற்கும் அது தீர்ப்பளிப்பதில்லை. ஒருத்தியை அனுப்பி, ஒருவனைத் தங்கவைத்து, இரண்டும் இயலும் என்கிறது. கட்டடத்தை வெறுத்த மகன், அதனை நேசித்த தந்தையை அவர் விழிதிறவா நிலையில் சிறிது அறிகிறான். கட்டடங்களின் தகவல்களை ஒப்பித்துவந்த பெண், அவற்றின் முன் தனக்கு நேர்ந்ததைக் கூறக் கற்கிறாள். இவ்விரு மாற்றங்களும் ஒரு வினாவிலிருந்து பிறந்தவை.

அவ்வினா திரைக்கு வெளியேயும் நீள்கிறது. ஆண்டும் ஆசிரியர் பெயரும் பாடவேறுபாடும் திரட்டுவது ஆய்வின் அடிப்படைப் பணி. அதில் குறைவுபட்டால் ஆய்வு நிலைக்காது. கேசியும் தகவல்களைத் துறந்துவிடவில்லை; அவற்றை அறிந்திருந்தமையாலேயே அவளால் அடுத்த படிக்குச் செல்ல முடிந்தது. ஆயினும் வகுப்பறையில் ஒரு பாடலையோ படத்தையோ விளக்கும் ஆசிரியரை நோக்கி மாணவர் ஒருவர், இது உங்களை எவ்விடத்தில் நெகிழச் செய்தது என்று கேட்பாராயின், தகவல் அங்கே விடையாகாது. விடை தேடும் அச்சிறு மௌனத்துக்கு வகுப்பில் இடமளிப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே. இப்படத்தைப் பாடமாக வைக்க விழைவோர் அக்கண்ணாடிக் காட்சியிலிருந்து தொடங்கலாம்.